கட்டிலுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்களே, அப்போது சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்த அறைக்குள் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? "அம்மா!" என்று நீங்கள் கூப்பிட்டால் அறையும் கூடச் சேர்ந்து "ம்மாஆஆ" என்று இழுக்கும். அதே சுவர், அதே தரை, அதே கூரைதான். கட்டில், மெத்தை, தலையணை, கொடியில் தொங்கிய துணி ஆகியவைதான் வெளியே போயிருக்கின்றன. அவை உள்ளே இருந்தவரை வாயைத் திறக்காத அறை, அவை போனதும் ஏன் பேச ஆரம்பிக்கிறது?

இதற்கு விடை தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். கடையில் கேட்டபோது கணீரென்று இருந்த ஸ்பீக்கரை ஆசையாக வாங்கி வந்து வீட்டில் வைத்தால், வார்த்தை புரியாமல் ஒரே இரைச்சலாக இருக்கும். "ஏமாற்றிவிட்டான்" என்று அப்பா கடைக்காரரைத் திட்டுவார். கடைக்காரர் பாவம். ஸ்பீக்கர் அதேதான், அறைதான் வேறு. வீட்டில் நாம் கேட்பது ஸ்பீக்கரின் ஒலியை மட்டும் அல்ல. சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியையும் சேர்த்துத்தான். பல அறைகளில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். அதனால் விலை கூடிய ஸ்பீக்கருக்குக் காசு சேர்ப்பதற்கு முன், ஒரு விடுமுறை நாள் மதியத்தை அறைக்காகச் செலவழிப்பது நல்லது என்பது என் கட்சி.

நமக்கு ஓர் அறை வேண்டும். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் அளவுதான். சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பெயின்ட், தரையில் டைல்ஸ். இந்த அறையை நினைவில் வையுங்கள், கடைசிவரை இதற்குள்தான் இருக்கப் போகிறோம்.

காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும்? அது வெப்பத்தைப் பொறுத்தது. நம் ஊரில் 30 டிகிரி வெயிலில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு சிறு பகுதி நேராக உங்கள் காதுக்கு வருகிறது. மற்றதெல்லாம் அறை முழுக்கப் பரவிச் சுவரில் முட்டுகிறது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் ஓரக்கட்டையில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்புமே, அப்படித்தான் ஒலியும் திரும்புகிறது. திரும்பி எதிர்ச்சுவர், அங்கிருந்து கூரை, அங்கிருந்து தரை. நம் அறையில் ஒலி சராசரியாக 2.2 மீட்டர் போவதற்குள் எதிலாவது முட்டிவிடும். அப்படியென்றால் ஒரு நொடியில் சுமார் 160 முட்டல்கள்!

ஒவ்வொரு முட்டலிலும் சுவர் கொஞ்சம் ஒலியை உட்கவர்ந்துகொள்கிறது. பெயின்ட் அடித்த சிமெண்ட் சுவர் மகா கஞ்சன். நூற்றில் 2 அல்லது 3 பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி 97 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நூறு முறை முட்டிய பிறகும் கிட்டத்தட்ட 5 பங்கு மிச்சம் இருக்கும். கால்குலேட்டரில் 0.97ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள், பொறுமை இருந்தால்.

இங்கே ஒரு கை உயர்வது எனக்குத் தெரிகிறது. "மாமா, எதிரொலி கேட்க வேண்டுமென்றால் சுவர் 17.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறதே! 3 மீட்டர் அறையில் எப்படிக் கேட்கும்?"

நல்ல கேள்வி. மலைப் பக்கம் நின்று கூவினால் தனியாக ஒரு "கூ" திரும்பி வருகிறதே, அது எதிரொலி. அதற்குத்தான் அந்த 17.2 மீட்டர் கணக்கு. அறைக்குள் அப்படித் தனித்தனியாக எதுவும் வருவதில்லை. நூற்றுக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். காதால் அவற்றைப் பிரிக்க முடியாது. ஒரே இழுவையாகத்தான் கேட்கும். இதற்குப் பெயர் எதிர்முழக்கம். கோயிலில் கல் மண்டபத்துக்குள் மணி அடித்தால் நின்று ஒலிப்பதும் இதுதான்.

எதிர்முழக்கம் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில நூற்றில் ஒரு பங்கு நொடிக்குள் வரும் பிரதிபலிப்புகளை மூளை நேர் ஒலியோடு சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ளும். குரலுக்கு அதனால் பலம் கூடும். வயல்வெளியில் நின்று பாடினால் குரல் சன்னமாகப் போய்விடுவதற்கும், குளியலறையில் பாடினால் நாமே பெரிய பாடகர் என்று தோன்றுவதற்கும் காரணம் இதுதான். சிக்கல் எப்போது வருகிறது என்றால், முன் வார்த்தையின் வால் அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை வந்து அதன்மேல் ஏறும்போது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இந்தச் சிக்கல் ஒரு முறை பெரிதாக வெடித்தது. 1895இல் அங்கே ஃபாக் கலை அருங்காட்சியகம் என்று ஒரு கட்டடம் புதிதாகத் திறந்தார்கள். அதற்குள் ஒரு விரிவுரை மண்டபம். பார்க்க அழகு, ஆனால் அங்கே பேராசிரியர் பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது ஐந்தரை நொடி நின்று ஒலித்தது. அதற்குள் அவர் அடுத்த பன்னிரண்டு பதினைந்து அசைகளைப் பேசி முடித்திருப்பார்! எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும்.

பல்கலைக்கழகத் தலைவர் எலியட், இயற்பியல் துறையில் இருந்த ஓர் இளைஞரைக் கூப்பிட்டு இதைச் சரிசெய்யச் சொன்னார். அவர் பெயர் வாலஸ் கிளமெண்ட் சபைன், வயது 27. அதுவரை ஒலியியல் துறையில் அவர் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. அவர் மட்டுமல்ல, அறைக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அன்று யாரிடமும் கணக்கு இல்லை. சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டினால் சரியாகும் என்றுகூட நம்பிக்கொண்டிருந்தார்கள். கம்பியால் ஒரு பயனும் இல்லை.

சபைன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கினார். வேலையெல்லாம் நடுராத்திரியில்தான். பகலில் தெருவில் வண்டிச் சத்தம் இருக்கும், அளக்க முடியாது. உதவியாளர்களோடு மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார். அது நொடிக்கு 512 முறை அதிரும் குழாய். நிறுத்திய கணத்திலிருந்து ஒலி காதுக்குக் கேட்காமல் போகும் கணம்வரை எத்தனை நொடி என்று அளப்பார். மைக்கும் கிடையாது, கணினியும் கிடையாது. அவருடைய காதும் ஒரு நேரமானியும்தான் கருவிகள். பிறகு இன்னும் சில மெத்தைகளைப் போட்டு மறுபடி அளப்பார். விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அளவுகள் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறுவதைக் கவனித்த சபைன், தான் போட்டிருக்கும் உடுப்பும் ஒலியை உட்கவர்கிறது என்று கண்டுபிடித்தார்! வேறு ஒருவராக இருந்தால் "இவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு கோட்டு என்ன செய்துவிடும்?" என்று விட்டிருப்பார். சபைன் அதற்குமுன் எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன்பின் அளக்கும்போதெல்லாம் ஒரே உடுப்பையே அணிந்தார்.

மூன்று ஆண்டுகள் இப்படி உழைத்து, 1898இல் ஒரு கணக்கைப் பிடித்தார். சொன்னால் "இவ்வளவுதானா?" என்பீர்கள். அறையின் கன அளவை எடுத்து 0.161ஆல் பெருக்குங்கள். வந்த விடையை அறையின் மொத்த உட்கவர்திறனால் வகுங்கள். கிடைப்பது எத்தனை நொடி எதிர்முழக்கம் என்பது. ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் எதிர்முழக்க நேரம் என்கிறோம்.

உட்கவர்திறன் என்பதை எப்படி அளப்பது? முதலில் சபைன் "இத்தனை மீட்டர் மெத்தை" என்றுதான் கணக்கு வைத்திருந்தார். ஆனால் சாண்டர்ஸ் அரங்க மெத்தை மற்றவர்களிடம் இருக்காதே! எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் ஒன்று வேண்டும். யோசித்தார். திறந்த சன்னல்! திறந்த சன்னல் வழியாகப் போன ஒலி திரும்பி வராது. நூற்றுக்கு நூறு உட்கவர்தல். அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் என்பதையே அலகாக வைத்துக்கொண்டார். இன்று அந்த அலகுக்கு அவர் பெயர்தான்: சபின்.

இப்போது நம் அறைக்கு வருவோம். கன அளவு 4 × 3 × 3 = 36 கன மீட்டர். தரை 12, கூரை 12, நான்கு சுவர்களும் சேர்ந்து 42, ஆக மொத்தப் பரப்பு 66 சதுர மீட்டர். இதில் நூற்றில் 3 பங்குதான் உட்கவர்கிறது என்றால், 66 × 0.03 = கிட்டத்தட்ட 2. அதாவது இவ்வளவு பெரிய சுவரெல்லாம் சேர்ந்து வெறும் 2 சதுர மீட்டர் சன்னலுக்குத்தான் சமம்! எதிர்முழக்க நேரம்: 0.161 × 36 ÷ 2 = ஏறத்தாழ 2.9 நொடி. வெள்ளையடிக்கும் நாளில் நீங்கள் கேட்ட "ம்மாஆஆ" இதுதான். (கதவும் கண்ணாடியும் கொஞ்சம் அதிரும், அதனால் நிசத்தில் இதைவிடச் சற்றுக் குறையும்.)

சாமான்களை உள்ளே கொண்டு வாருங்கள். தடித்த பஞ்சு மெத்தை போட்ட கட்டில் ஒன்று, சுமார் 2. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை, ஒரு சுவரில் பாதிக்கு, இன்னொரு 2. துணி உறை போட்ட சோபா ஒன்று, ஒன்றரை என்று வைப்போம். நீங்கள், தங்கை, பாட்டி என மூன்று பேர். ஓர் ஆள் அரை சதுர மீட்டர் சன்னலுக்குச் சமம், ஆக ஒன்றரை. எல்லாம் சேர்ந்து சுமார் 9. கணக்குப் போடுங்கள்: 0.161 × 36 ÷ 9 = 0.64 நொடி. 2.9 எங்கே, 0.64 எங்கே! பாட்டுக் கேட்கும் வீட்டு அறைக்கு அரை நொடி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் மிக நன்று. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஒரு பைசா செலவில்லாமல். பாட்டியை உட்கார வைத்ததுதான் கூடுதல் வேலை.

சபைனின் கணக்கை நம்பி முதலில் கட்டப்பட்ட அரங்கம் பாஸ்டன் சிம்பொனி ஹால், 1900இல் திறந்தது. இன்றைக்கும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்கங்களில் ஒன்று என்கிறார்கள். ஆட்கள் நிறைந்திருக்கும்போது அங்கே எதிர்முழக்கம் 1.9 நொடி. மேல்நாட்டு வாத்தியக் குழு இசைக்கு அவ்வளவு இழுவை தேவை. வீட்டில் அந்த 1.9 வேண்டாம், ஏனென்றால் அது ஏற்கெனவே பாட்டுக்குள்ளேயே பதிவாகி இருக்கிறது. அதன்மேல் உங்கள் அறை தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது.

சரி, உங்கள் அறை எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கையையும் ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். "டப்" என்று முடிந்தால் நல்ல அறை. "டப்ஸ்ஸ்ஸ்" என்று இழுத்தால் உட்கவர்தல் போதவில்லை. "டப்ட்ர்ர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்டால் இரண்டு வெறும் சுவர்கள் நேருக்கு நேர் நின்று ஒலியை மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். 3 மீட்டர் இடைவெளி என்றால் போய்த் திரும்ப 6 மீட்டர், நொடிக்கு 58 முறை அந்த ஒலி உங்களைத் தாண்டிப் போகும். அந்த "ட்ர்ர்ர்" அதுதான். இரண்டு சுவரில் ஏதாவது ஒன்றில் துணி ஒன்றைத் தொங்கவிட்டாலே நின்றுவிடும். இரண்டிலும் தேவையில்லை.

தட்டும்போது செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யும் செயலியில் அலைவடிவம் தெரியும். வரவேற்பறை, சமையலறை, மாடிப்படி, மொட்டைமாடி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தட்டு. வால் எங்கே நீளம், எங்கே குட்டை என்று கண்ணாலேயே பார்க்கலாம். மொட்டைமாடியில் வாலே இருக்காது.

அடுத்து, துணியைச் சுவரில் எந்த இடத்தில் தொங்கவிடுவது? இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. ஒரு கண்ணாடியும் ஒரு தம்பியும் போதும். நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து கேட்கும் இடத்தில் உட்காருங்கள். தம்பி பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டே போகட்டும், உங்கள் காது உயரத்தில். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. ஸ்பீக்கரின் ஒலி சுவரில் பட்டு உங்களுக்கு முதலில் வந்து சேரும் இடம் அதுதான். ஒளியும் ஒலியும் பட்ட கோணத்திலேயே திரும்புவதால்தான் இது சாத்தியமாகிறது. இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். முழுச் சுவரையும் மூட வேண்டாம், அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடித்த ஏதாவது இருந்தால் போதும், பாடகரின் குரல் சட்டென்று தெளியும்.

"தடித்த ஏதாவது" என்றேன். எது உதவும், எது உதவாது?

பஞ்சும் துணியும் எப்படி ஒலியைப் பிடிக்கின்றன என்று முதலில் பார்ப்போம். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. இழைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்குகளில் அந்தக் காற்று ஆடும்போது உராய்வு உண்டாகிறது. ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. மெத்தை சூடாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நாம் பேசும்போது வெளிவரும் ஒலித்திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஆகவே காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் சிரமப்பட்டுப் போக வேண்டும். இதைச் சோதிக்க உங்கள் வாயே போதும். பொருளை வாயில் வைத்து ஊதுங்கள். காற்று தாராளமாகப் போகிறதா? அது ஒலியையும் தாராளமாக விட்டுவிடும். ஒற்றைக் கோணிப்பை அப்படித்தான். காற்று போகவே இல்லையா? ஒலியும் உள்ளே போகாமல் திரும்பிவிடும். கொஞ்சம் அழுத்தி ஊதினால் போகிறது என்றால் அதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது தெர்மாகோலை ஊதிப் பாருங்கள். போகாது! அதற்குள் இருப்பவை மூடிய குமிழிகள். இசை அறை அமைக்கிறேன் என்று சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வெயிலைத் தடுக்கும், ஒலியை உட்கவராது. முட்டை அட்டை இன்னொரு வதந்தி. அதன் மேடுபள்ளத்தைப் பார்த்தால் ஸ்டுடியோ சுவர் மாதிரி தெரியும், அதனால் வந்த நம்பிக்கை. மெல்லிய காகிதக் கூழ், தடிமனே கிடையாது. கீச்சுக் குரலில் கொஞ்சத்தைக் குறைக்கும், மற்றதெல்லாம் அப்படியே. போதாக்குறைக்குத் தீப்பற்றும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தடிமன் ஏன் முக்கியம்? அலைநீளத்தைப் பாருங்கள். நொடிக்கு 1000 அதிர்வு உள்ள ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். சுவரை ஒட்டியுள்ள காற்றால் ஆட முடியாது, சுவர் தடுக்கிறது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான், அதாவது சுமார் 9 சென்டிமீட்டர் தள்ளித்தான், காற்று அதிகமாக ஆடுகிறது. அங்கே பஞ்சு இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். ஆகவே திரைச்சீலையைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். அதே திரைதான், வேலை கூடுதலாகச் செய்யும். பழைய போர்வைகளையும் தேய்ந்த துண்டுகளையும் மரச்சட்டத்துக்குள் ஒரு சாண் தடிமனுக்கு அடுக்கி, மேலே ஒரு பருத்திப் புடவையை இழுத்துக் கட்டினால் நல்ல உட்கவர்பலகை கிடைக்கும். ஆணி அடிப்பதற்கு மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கிழிந்த இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் பிய்த்து நிரப்பலாம்; தும்மல் வரும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையெல்லாம் நடுத்தர, உயர் ஒலிகளுக்குத்தான் பலிக்கும். தாழ்ந்த ஒலி இருக்கிறதே, பேஸ், அது வேறு சங்கதி. நொடிக்கு 58 அதிர்வு உள்ள ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். கால் பங்கு என்றால் ஒன்றரை மீட்டர். அவ்வளவு தடிமனாகப் பஞ்சை அடைத்தால் நம் அறையில் பாதி போய்விடும், நாம் எங்கே உட்காருவது?

அதுமட்டுமல்ல, 58 என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. அறையின் அகலம் 3 மீட்டர், அதன் இருமடங்கு 6. அந்த ஒலி ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது, சரியாக அடுத்த அலை கிளம்புகிறது. இரண்டும் கைகோத்துக்கொள்ளும். அடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. அந்த ஒரு சுரம் மட்டும் உப்பிப் பெருக்கும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். 4 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு ஒத்ததிர்வு, சுமார் 44இல். நம் அறையின் உயரமும் 3 மீட்டராக இருப்பது இன்னும் தொந்தரவு: அகலமும் உயரமும் சேர்ந்து ஒரே 58ஐப் பிடித்துத் தூக்கும். மூன்று பக்கமும் சமமான கனசதுர அறைதான் இருப்பதிலேயே மோசம். வீடு கட்டும்போதே யாராவது இதை மேஸ்திரியிடம் சொல்லியிருக்க வேண்டும்!

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அந்தக் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும், அடுத்த கம்பி 55. நம் அறையின் 44உம் 58உம் இவற்றுக்கு அருகில்தான் இருக்கின்றன. ஆகவே கிட்டார்க்காரர் ஒரே அழுத்தத்தில் வாசித்திருந்தாலும் ஏதோ ஒரு சுரம் வரும்போது மட்டும் அறை "பூம்" என்று அதிரும், மற்றவை அடங்கிப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் "பூம்" அறை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுவரோரத்திலும் மூலையிலும் மிக அதிகம். நட்டநடுவில் கிட்டத்தட்டக் காணாமலே போகும். பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மூலையிலிருந்து நடு அறைக்கு நடந்து பாருங்கள். யாரோ ஒலியைத் திருகிக் குறைத்தது போல இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பேஸைப் பொறுத்தவரை வாங்குவதைவிட நகர்த்துவதுதான் மருந்து. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். நாற்காலியைப் பின்சுவரில் முட்டவிடாதீர்கள், சரி நடுவிலும் போடாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும்.

வூஃபர் தனிப் பெட்டியாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. பெரியவர்கள் செய்ய வெட்கப்படுவார்கள், நீங்கள் செய்யலாம். வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேலேயே வையுங்கள். பாட்டைப் போடுங்கள். இப்போது நீங்கள் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள், காதைத் தாழ்வாக வைத்துக்கொண்டு. எந்த இடத்தில் எல்லாத் தாழ்ந்த சுரமும் ஏறத்தாழ ஒரே அளவாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் வூஃபரை வைத்துவிட்டு நாற்காலிக்கு வாருங்கள். தரையில் எப்படிக் கேட்டதோ அப்படியே நாற்காலியிலும் கேட்கும். ஒலி கிளம்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றி வைத்தாலும் வந்து சேரும் அளவு மாறாது என்பது ஒலியியல் விதி. லார்டு ராலே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1870களிலேயே இதை எழுதிவைத்துவிட்டார். யாரேனும் பார்த்துச் சிரித்தால் ராலே பெயரைச் சொல்லுங்கள்.

இனி எல்லாச் சுவரையும் போர்வையால் மூடிவிடலாமா? கூடாது. உயர் ஒலி எல்லாம் செத்து, பேஸ் மட்டும் மிஞ்சிய அறையில் பாட்டு புழுங்கிப்போய்க் கேட்கும். ஒலியைக் கொல்லாமல் நாலாபக்கமும் சிதறவிட்டால் போதும் என்ற இடங்கள் உண்டு, முக்கியமாக நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்சுவர். அங்கே புத்தக அலமாரி வையுங்கள். புத்தகங்களை ஒழுங்காக ஒரே வரிசையில் அடுக்க வேண்டாம். ஒன்று முன்னே, ஒன்று பின்னே, ஒன்று உயரம், ஒன்று குட்டை. (அடுக்கி வை என்று அம்மா சொன்னால் இந்தக் கட்டுரையைக் காட்டலாம். ஒரு முறைதான் செல்லும்.)

எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே இருந்தால் ஒலி எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும்? ஜெர்மனியில் பிறந்த மான்ஃபிரட் ஷ்ரோடர் என்ற இயற்பியலாளர் 1970களில் இதற்கு விடையை எண் கணிதத்தில் தேடினார். 7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 0, 1, 2, 3, 4, 5, 6 இவற்றின் வர்க்கங்கள்: 0, 1, 4, 9, 16, 25, 36. ஒவ்வொன்றையும் 7ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 0, 1, 4, 2, 2, 4, 1. இதுதான் பள்ளங்களின் ஆழம்! ஓர் அலகு, நான்கு அலகு, இரண்டு அலகு என்று இந்த வரிசையில் மரப்பலகையில் பள்ளம் வைத்தால் அது ஒலியை அழகாகச் சிதறடிக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரில் ஏற்ற இறக்கமாக மரக்கட்டைகள் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இந்தக் கணக்கில் செய்தவை. 11க்கும் 13க்கும் நீங்களே மீதி வரிசையை எழுதிப் பாருங்கள். வரிசையின் வலப்பாதியும் இடப்பாதியும் எப்படி அமைகின்றன என்று கவனியுங்கள், ஏன் அப்படி என்று கணக்கு டீச்சரைக் கேளுங்கள்.

இன்னொன்று பாக்கி. "இத்தனை போர்வை கட்டியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் உள்ளே கேட்கிறதே?" கேட்கும். உட்கவர்வது வேறு, தடுப்பது வேறு. சபைனின் அலகை நினைத்துப் பாருங்கள்: ஒலியை முழுக்க உட்கவரும் பொருள் திறந்த சன்னல். அதன் வழியாகத்தானே விசிலும் வருகிறது! வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். சுவர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, செங்கல் நல்ல கனம். இடுக்குதான் எதிரி. கதவுக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். மற்ற இடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த இடுக்கு வழியாக ஒலி தாராளமாக நுழைந்துவிடும். பழைய லுங்கியை இறுகச் சுருட்டி அங்கே வைத்து, சன்னல் கதவைத் தாழ்போட்டுவிட்டு, மறுபடி பாட்டைப் போடுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஏப்ரல் மாதத்தில் அது நடக்கிற காரியமில்லை.